சிறு பிள்ளைகள், வயதானவர்களோடு கோடையில் ஒரு நாள் ஏரிக்குப் போய்வர எப்படித் திட்டமிடுவது?

நான்கு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள மாமியார், கூடவே அண்ணன் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாமான்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்றைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அன்று எந்த நேரத்தில் யார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது?

எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இதே மாதிரி ஒரு கூட்டமாகப் போனோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு பேர். கரையிலேயே விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள், நான் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது என் அம்மா, "அவன் ஏன் அண்ணாந்து பார்க்கிறான்?" என்று கேட்டார்.

அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் ஒரு பள்ளத்தில் கால் வைத்திருந்தான். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மூடித் திறந்துகொண்டிருந்தது. முடி கண்ணை மறைத்திருந்தது, அதை ஒதுக்கிவிடக் கை வரவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தன. கத்தவில்லை, தண்ணீரை அடிக்கவில்லை. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. மாமா ஓடிப்போய்த் தூக்கினார். இருமினான், அழுதான், நன்றாக இருக்கிறான். அன்று அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவன் இருந்த நிலை அச்சு அசலாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபிராங்க் பியா என்பவர் நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் பல ஆண்டுகள் உயிர்காப்பாளராக இருந்தவர். தண்ணீரில் மூழ்குகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்து விவரித்தவர். மூழ்குகிறவர் கூப்பிட மாட்டார், ஏனென்றால் மூச்சு எடுக்கவே நேரம் போதாது. கையை உயர்த்தி ஆட்ட மாட்டார், ஏனென்றால் கை தானாகவே தண்ணீரைக் கீழே தள்ளும். இந்த நிலையில் ஒருவர் தண்ணீருக்கு மேலே தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 விநாடி வரைதான். ஒரு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறும் நேரம்கூட இல்லை.

2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். உங்கள் சின்ன மகளின் வயதுதான்.

அன்றைக்கு எங்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. ஏழு பேரும் இருந்தோம், அதனால் ஒவ்வொருவரும் வேறு யாரோ பார்ப்பதாக நினைத்துக்கொண்டோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது. ஏரிக்கரையில் அதைப் போட்டிருப்பவருக்கு வேறு வேலை கிடையாது. போன் கையில் இருக்கக் கூடாது, பரிமாறக் கூடாது, பேச்சுக்குத் திரும்பக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொப்பி கை மாறும். வாங்குகிறவர், "நான் பார்க்கிறேன், நாலு பேர் தண்ணீரில் இருக்கிறார்கள்" என்று எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்க வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இரண்டாவது தடவை பழகிவிட்டது. உங்களிடம் பெரியவர்கள் நான்கு பேர் இருந்தாலே போதும், யாருக்கும் நாள் வீணாகாது. சொல்லப்போனால் மற்ற மூவரும் உண்மையிலேயே ஓய்வாக உட்கார முடிவது அப்போதுதான்.

உங்கள் மகளுக்கு இது மட்டும் போதாது. அவள் தண்ணீரில் இருக்கும்போது கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். தொப்பிக்காரர் அதற்கு மேல் ஒருவர்.

சரி, இனி நேரத்துக்கு வருவோம். காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியுமோ கிளம்புங்கள். எட்டு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் பத்தரைக்குள் பிள்ளைகளுக்கு முதல் ஆசை தீர்ந்துவிடும். வெயில் ஏறும் முன் நிழலுக்கு வந்துவிடலாம். நிலவரத்தை அறிய உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்று பலர் நினைக்கிறார்கள். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதப் புற ஊதாக் கதிர் இருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டே இறக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடியும் தடவுங்கள். சட்டை ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் மாதிரி கண்ணில் அடிக்கும் நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெளிர்பச்சையும் தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது.

சீக்கிரம் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காற்று. ஏரிகளில் பெரும்பாலும் காலை நேரம் அமைதியாக இருக்கும், நிலம் சூடாகச் சூடாக மதியத்துக்கு மேல் காற்று எழும். கரையிலிருந்து தண்ணீரைப் பார்த்துக் காற்று வீசினால், ட்யூபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அது சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். கரையோரத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டையாகவே தெரியும், அதுதான் ஏமாற்றும். ஒரு கைப்பிடி உலர்ந்த புல்லைப் பிய்த்து வீசிப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். காற்றடைத்த ட்யூபும், கையில் மாட்டும் பட்டையும் பொம்மைகள். அவற்றை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள். செலவு செய்வதானால் எடைக்கு ஏற்ற, கால்களுக்கிடையே பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட்டுக்குச் செய்யுங்கள். மாட்டிய பிறகு தோள்பட்டைப் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய அளவு.

எந்த ஏரி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். அழகைவிடக் கரையின் சரிவைப் பாருங்கள். முடிந்தால் பெரியவர் ஒருவர் முன்னதாகவே ஒரு நாள் போய், கையில் ஒரு நீளக் குச்சியோடு பிள்ளைகள் விளையாடப்போகும் இடம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வரட்டும். மண் எடுத்த ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் உயரப் பள்ளம் இருக்கும். எங்கள் பையன் கால் வைத்ததும் அப்படி ஒரு பள்ளத்தில்தான். அணை கட்டிய நீர்த்தேக்கமாக இருந்தால், மதகுப் பக்கமும் தண்ணீர் வெளியேறும் பக்கமும் போகவே வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் இடம் கிடைத்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தாவது அங்கே போங்கள்.

போய் இறங்கியதும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை பெயின்ட் கொட்டியது போல மேலே ஏடு படர்ந்திருந்தால் அன்று யாரும் இறங்க வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் விஷத்தை உண்டாக்கும், கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. குச்சியால் தூக்கினால் தலைமுடி மாதிரி இழையாகத் தொங்குவது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பிடிபடாமல் பெயின்ட் போல ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மனசு இழுக்கும். அதற்காகவே கரையில் விளையாட ஒரு பந்தும் பட்டமும் வண்டியில் இருக்கட்டும்.

உங்கள் பையன் ஓரளவு நீந்துவான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீச்சல் குளத்தில் நீந்துகிறவனுக்கு ஏரி புதிது. கோடையில் வெயில் மேல்தண்ணீரை மட்டும்தான் சூடாக்கும். கனமான குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரில் ஒருவன் தலைகீழாகக் குதித்தால், சில அடி கீழே திடீரென்று குளிர் தாக்கும். அந்த அதிர்ச்சியில் மூச்சு தானாக உள்ளிழுக்கும், அந்த இடத்தில் இருப்பது தண்ணீர். அடியில் கல்லும் மரக்கட்டையும் வேறு கண்ணுக்குத் தெரியாது. குதிப்பது கூடாது, நடந்துதான் இறங்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் சுள்ளென்ற வெயிலிலும் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து நடுக்கம் வரலாம். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சினாலும் அப்போது ஏற்றிவிடுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கம்தான். ஆளுக்கு ஒரு துண்டு, மாற்று உடை இரண்டு செட், தண்ணீருக்குள் போட்டு நடக்கப் பின்பட்டை வைத்த செருப்பு (உடைந்த கண்ணாடி எந்த ஏரியிலும் இருக்கும்), விசில், முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குப்பைப் பை. குடிக்கும் தண்ணீரை நீங்கள் நினைப்பதைவிட ஒன்றரை மடங்கு எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டில், சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சீக்கிரம் கெடாததைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை ஐஸ் பெட்டியில் வையுங்கள். குடிநீருக்கு ஒரு பெட்டி, சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்தால் நல்லது. பிள்ளைகள் தண்ணீருக்காகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் சாப்பாட்டுப் பெட்டியில் குளிர் நிற்காது.

இன்னொன்று, 5 லிட்டர் கேன் ஒன்றை காலியாக, மூடியை இறுக்கி, பத்து மீட்டர் கயிறு கட்டி விரிப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அது தண்ணீரில் கிட்டத்தட்ட 5 கிலோ எடையைத் தாங்கும். ஒரு ஆளின் தலை மேலே நிற்க அது போதும். அடியில் ஒரு கை தண்ணீர் விட்டால் எறிய வாகாக இருக்கும். யாராவது தத்தளித்தால் உடனே பாய்ந்து இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் நிறைய. கேனை எறியுங்கள், துப்பட்டாவையோ குச்சியையோ நீட்டுங்கள். மூச்சு நின்ற ஒருவரைக் கரையில் சேர்த்தால், வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வேண்டாம். அது நேரத்தைத்தான் தின்னும். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு மார்பை அழுத்த வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. போவதற்குள் உங்களில் ஒருவராவது அரை நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வாருங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பிழைத்து எழுந்த பிள்ளைக்கு இருமல் அடங்காமலோ மூச்சிரைப்போ இருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியாருக்குச் சாய்மானம் உள்ள மடக்கு நாற்காலி கட்டாயம். தரையில் உட்கார்ந்து எழுவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அது தூரம் என்று தெரிந்தால் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், வெயிலில் அதுதான் ஆபத்து. "நான் வண்டியிலேயே கொஞ்சம் படுத்திருக்கிறேன்" என்று சொன்னால் விடாதீர்கள். கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் 10 டிகிரிக்கு மேல் சூடேறும். நாற்காலியைத் தண்ணீர் தெரியும் நிழலில் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் பையனைக் காப்பாற்றினார்.

இடி கேட்டால் எல்லோரும் ஏறிவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்காமல் காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி இறங்கலாம்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வெயிலில் ஒரு நாள் இருந்தவருக்கு ஸ்டியரிங் பிடித்தால் கண் சொக்கும், அதனால் ஓட்டுபவர் மதியம் நிழலில் ஒரு மணி நேரம் தூங்கட்டும். சாமான் ஏற்றும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை "காலைக் கழுவிட்டு வர்றேன்" என்று தண்ணீருக்கு ஓடும், பெரியவர்கள் எல்லோருக்கும் முதுகு ஏரியைப் பார்த்திருக்கும். கால் கழுவ ஒரு வாளித் தண்ணீரை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். தொப்பிக்காரர் தலைகளை எண்ணி, கார்க் கதவு சாத்திய பிறகு தொப்பியைக் கழற்றட்டும்.