20 சதவீத எத்தனால் பெட்ரோல்: பழைய காரை விற்றுவிடலாமா?

கேள்வி: நான் தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். 2014-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றும், 2017-இல் வாங்கிய கார்புரேட்டர் பைக் ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கடன் பாக்கி இல்லை. கார் மாதம் சுமார் 800 கி.மீ. ஓடும், பைக் 1,000 கி.மீ. ஓடும். முன்பு லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த கார் இப்போது 13.5தான் கொடுக்கிறது. பைக் 55-இலிருந்து 51-க்கு இறங்கிவிட்டது. எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என்கிறார் மெக்கானிக். எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோலை லிட்டர் 160 ரூபாய்க்கு வாங்கிப் போடச் சொல்கிறார் சக ஆசிரியர். கார் ஷோரூமில், பழைய காரை 1.25 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு 8 லட்சம் ரூபாயில் புதிய கார் தருவதாகவும், 6 லட்சம் வங்கிக் கடன் ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார்கள். கிராமத்தில் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் ஒன்றும் நிற்கிறது. திருவிழாவுக்குப் போனால்தான் எடுப்போம். என்ன செய்வது? இங்கே சாதாரண பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்.

பதில்: காரை விற்காதீர்கள். 160 ரூபாய் பெட்ரோலும் அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம். உங்கள் நஷ்டம் உண்மையானது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இரண்டு தீர்வுகளும் அந்த நஷ்டத்தைவிடப் பல மடங்கு செலவு வைப்பவை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்ப்போம்.

காருக்கு முன்பு மாதம் 53.3 லிட்டர், அதாவது 5,387 ரூபாய் ஆனது. இப்போது 59.3 லிட்டர், 5,985 ரூபாய். பைக்குக்கு 1,836 ரூபாய் ஆனது 1,980 ஆகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மாதம் சுமார் 743 ரூபாய், ஆண்டுக்கு 8,900 ரூபாய் கூடுதல். சம்பளக்காரருக்கு இது சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 743 ரூபாயும் எத்தனாலின் கணக்கில் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், தூய பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆற்றல் ஏழு சதவீதம் அளவுக்குக் குறையும். ஆனால் நீங்கள் முன்பு போட்டதும் தூய பெட்ரோல் இல்லை. 2022 ஜூனிலேயே நாடு முழுவதும் சராசரி 10 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-இல் எங்கும் பரவியது. ஆகவே 10-இலிருந்து 20-க்கு மாறியதால் உங்கள் டாங்கில் குறைந்த ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம்தான். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், 20 சதவீதக் கலப்பைப் போட்டால், தூய பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையும் என்றுதான் மதிப்பிட்டது. உங்கள் காரில் குறைந்திருப்பதோ 10 சதவீதம். பைக்கில் 7 சதவீதத்துக்கும் மேல். எத்தனாலுக்கு உரிய பங்கை எழுதிவிட்டு, மீதியை வேறு இடத்தில் தேட வேண்டும்: டயர் காற்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், கோடையில் ஓயாமல் ஓடும் ஏசி.

அதற்கு முன் மைலேஜைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், பம்பு முதல்முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். கால் டாங்குக்கு வந்ததும் அதே இடத்தில், அதேபோல் முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். பில்லில் உள்ள லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் வருவதே மைலேஜ். மூன்று, நான்கு முறை இப்படி எடுத்த சராசரியை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் பேசுங்கள்.

கார்புரேட்டர் பைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எரிபொருள் ஊசி அமைப்பும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள வண்டி, கலப்பு மாறியதை உணர்ந்து பெட்ரோல் அளவைத் தானே சற்றுக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்றுக்கேற்ற எரிபொருள் போதாமல் போகும். காலையில் கிளப்பச் சிரமமாக இருப்பதும், ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது திணறுவதும் அதனால்தான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, காற்று-பெட்ரோல் அளவைச் சீராக்கினாலே உங்கள் பைக்கில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் திரும்ப வர வாய்ப்பு உண்டு.

அடுத்து 100 ஆக்டேன். எத்தனாலால் குறைந்த மைலேஜ் முழுவதும் திரும்ப வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காருக்கு மாதம் 8,533 ரூபாயும் பைக்குக்கு 2,909 ரூபாயும் ஆகும். இப்போதைய செலவைவிட மாதம் 3,477 ரூபாய் அதிகம். ஆண்டுக்கு 41,700 ரூபாய். 101 ரூபாய் பெட்ரோலும் 160 ரூபாய் பெட்ரோலும் செலவில் சமமாக வேண்டுமென்றால், சாதாரண பெட்ரோலில் உங்கள் கார் லிட்டருக்கு ஒன்பதரை கி.மீ.க்கு இறங்க வேண்டும். எத்தனாலால் அப்படி இறங்காது. 100 ஆக்டேன் என்பது அதிக அமுக்க விகிதம் கொண்ட எஞ்சின்களில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும் சத்தம் வராமல் தடுப்பதற்கானது. உங்கள் எஞ்சினுக்கு அந்தத் தேவை இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: பங்க்கில் 'பிரீமியம்' என்று விற்கும் 95 ஆக்டேன் பெட்ரோலை எத்தனால் இல்லாதது என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். அதிலும் எத்தனால் கலப்பு உண்டு. எத்தனாலை 'முறிப்பதாக'ச் சொல்லிக் கடைகளில் விற்கும் சின்ன பாட்டில்களுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

புதிய கார் யோசனை இதைவிடக் கடுமையானது. 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை 12,450 ரூபாயைத் தாண்டும். வட்டி மட்டும் 1.47 லட்சம். காரில் நீங்கள் சொல்லும் மாத நஷ்டம் 600 ரூபாய். அந்த வட்டிப் பணம் அதை 20 ஆண்டுகளுக்கு ஈடுகட்டும். இதில் புதிய காரின் காப்பீட்டுப் பிரீமியத்தையும், மதிப்புத் தேய்மானத்தையும் நான் சேர்க்கவே இல்லை. புதிய கார் எத்தனால் கலப்புக்கென்றே வந்தாலும் இந்தப் பெட்ரோலின் குறைந்த ஆற்றல் மாறப்போவதில்லை. அதிலும் ஒன்று, இரண்டு சதவீதம் குறையும் என்று அதே அறிக்கையே சொல்கிறது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். கார் தேவைப்படுகிறவருக்கு அது பயன்படும். பயத்தில் வாங்குகிறவருக்கு அல்ல.

உங்கள் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டு முடிந்து 2029-இல் புதுப்பிப்புக்கு வரும். மாற்றுவதென்றால் அதுதான் யோசிக்க வேண்டிய நேரம். அதுவரை அந்தத் தவணையில் ஒரு பகுதியை, மாதம் 8,000 ரூபாய் முடிந்தால், வங்கியில் தொடர் வைப்பில் போடுங்கள். மூன்று ஆண்டில் அசல் மட்டும் 2.88 லட்சம் சேரும். இவ்வளவு குறுகிய காலத்துக்குப் பங்குச் சந்தை வேண்டாம்.

இனி உண்மையில் செலவு வைக்கக்கூடிய இடம். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை 20 சதவீதக் கலப்புக்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் சில வகை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். பிறகு அது வறண்டு வெடிக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபின் ரப்பர் பாகங்களையும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பைக்கில் டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் கருப்பு ஒட்டினாலோ, குழாய் கொழகொழவென்று இருந்தாலோ, வளைக்கும்போது மேலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ உடனே மாற்றுங்கள். பைக்கில் இது சில நூறு ரூபாய் வேலை. காரில் எரிபொருள் ஃபில்டர், குழாய்கள், உள்ளே இருக்கும் பம்பு என்று போனால் சில ஆயிரங்கள் ஆகும். பெட்ரோல் ஒழுகுவது தீப்பிடிக்கும் ஆபத்து என்பதால் இந்த ஒரு செலவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாதம் 1,000 ரூபாயை இதற்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆண்டு முடிவில் 12,000 ரூபாய் இருக்கும். 100 ஆக்டேனுக்குப் போகவிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெட்ரோலைப் போட்டால் காப்பீடு செல்லாது என்று பரவும் செய்தி தவறு, அமைச்சகம் மறுத்திருக்கிறது. ஆனால் ரப்பர் தேய்வதும் பம்பு பழுதாவதும் எந்தப் பெட்ரோலானாலும் வழக்கமான காப்பீட்டில் வராது. அதனால்தான் தனிக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் ஒரு கோபம் தெரிகிறது. அது நியாயமானது. லிட்டருக்கு ஆற்றல் குறைந்தால் விலையும் குறைய வேண்டும். அதே நிதி ஆயோக் அறிக்கை அப்படித்தான் பரிந்துரைத்தது. அப்போது எத்தனால் பெட்ரோலைவிட மலிவாக இருந்தது. இப்போது கொள்முதல் விலை உயர்ந்துவிட்டது. 2024-25 எத்தனால் கொள்முதல் பருவத்தில், 2025 ஜூலை முடிய, சராசரி விலை போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து லிட்டருக்கு 71.32 ரூபாய், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்கிறது அரசு. கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2014-15 முதல் 2025 ஜூலை வரை சுமார் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு வருமானம் என்றும் கணக்குக் காட்டுகிறது. அந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்குக் கிடைக்கும் லாபத்துக்கான விலையை, பழைய வண்டி வைத்திருப்பவர் தன் பையிலிருந்து மாதாமாதம் கட்டுகிறார். கலால் வரி ஆற்றலுக்கு இல்லை, லிட்டருக்குத்தான். மைலேஜ் குறைந்து நீங்கள் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு லிட்டருக்கும் வரியும் சேர்ந்தே போகிறது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும் தீவன விலை ஏறியதாக நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் சொல்வதையும் இந்தக் கணக்கில் வைக்க வேண்டும்.

பிரேசிலில் பெட்ரோலில் 30 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். ஆனால் அங்கே பங்க்கில் எத்தனாலையும் கலப்புப் பெட்ரோலையும் தனித்தனி விலையில் விற்கிறார்கள். பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே எத்தனால் இறங்கினால் அதைப் போடுவார்கள், ஏறினால் விட்டுவிடுவார்கள். வாங்குபவருக்குத் தேர்வு இருக்கிறது. இங்கே எத்தனால் இல்லாத சாதாரண பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. எனவே விலைக் குறைப்பை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கேட்பதை நிறுத்தவும் வேண்டாம்.

கடைசியாக அப்பாவின் ஸ்கூட்டர். மூன்று வண்டிகளில் அதிக ஆபத்தில் இருப்பது அதுதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் டாங்கில் தண்ணீர் சேர்ந்து, ஓரளவைத் தாண்டியதும் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். இரும்பு டாங்கு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு வண்டிக்கு 100 ஆக்டேன் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு 5 லிட்டர் நிரப்பினால் கூடுதல் செலவு 295 ரூபாய். டாங்கு நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கும் இடமிருக்காது. புதுப் பெட்ரோல் கார்புரேட்டர்வரை சென்று சேரச் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை எடுக்கும் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். அப்பா அதை வைத்துக்கொள்ள விரும்பினால் இந்தச் செலவோடு வைத்திருங்கள். அவர் சம்மதித்தால், அது ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது.