யாழ்ப்பாணத்து வளவில் கிணற்றைக் கெடுக்காமல் முற்றம் அமைப்பது எப்படி?

கேள்வி: கோண்டாவிலில் நாலு பரப்பு (ஏறத்தாழக் கால் ஏக்கர்) காணியில் வீடு கட்டி முடியப்போகிறது. நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். முன்பக்கம் முழுவதும் இன்ரர்லொக் கல் பதித்து, பக்கத்தில் புல்தரை போட்டு, கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடலாம் என்று நினைக்கிறோம். மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கெடாமல் இதைச் செய்யலாமா?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்றில் கூரைத் தண்ணீரை மட்டும் நான் ஒத்துக்கொள்வேன், அதுவும் ஒரு திருத்தத்தோடு. நான் உரும்பிராயில் இருக்கிறேன். வளவு திருத்துவது, பாதை போடுவது, மரம் வைப்பதுதான் என் வேலை. இன்ரர்லொக் வேண்டாம் என்று சொன்னால் எனக்குத்தான் வருமானம் குறையும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோண்டாவிலும் உரும்பிராயும் இருக்கும் வலிகாமப் பகுதியில் மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் நிறைய வெடிப்பும் பொந்தும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தப் பொந்துகளின் வேலைதான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் அளவில் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை. அந்த மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நாங்கள் அள்ளிக் குடிப்பது அதைத்தான். ஏட்டுக் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீற்றர் இறங்கினால் கீழே 20 மீற்றர் குறையும். தீவுப் பகுதியில் கிணறு சவராவதும், ஆழத்துக்கு அடித்த குழாய்க்கிணறு உப்பாவதும் இதனால்தான்.

இந்தியாவிலிருந்து வரும் மழைநீர்ச் சேமிப்பு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "ஆழமாகத் துளை போட்டுத் தண்ணீரை இறக்குவோம்" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கருங்கல் பூமிக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் கல் ஓட்டைச் சல்லடை, தண்ணீரை இறக்க அங்கே யாரும் கஷ்டப்படத் தேவையில்லை. அழுக்கை மேலே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் இறக்குவதுதான் இங்கே வேலை. அதைச் செய்வது அந்தச் செம்மண் ஒன்றுதான். ஆகவே வளவில் எதைச் செய்தாலும், மண்ணைத் தாண்டித் தண்ணீர் போகிறதா, மண்ணுக்குள்ளால் போகிறதா என்று பாருங்கள்.

இனிக் கூரை. உங்கள் கூரை 1,500 சதுர அடி என்று வைத்தால் ஏறத்தாழ 140 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 140 லீற்றர். வருட மழைக்கு ஒன்றரை லட்சம் லீற்றருக்கு மேல் வரும். இதை ஒழுங்கைக்குத் திருப்பிவிடுவது வீண். ஆனால் பீலியிலிருந்து குழாய் இழுத்து நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். கோடை முழுக்கக் கூரையில் கிடந்த தூசியும் காக்கை எச்சமும் சருகும் முதல் மழையோடு அப்படியே உள்ளே விழும். மாரியின் முதல் மழைகளை வெளியே விட ஒரு அடைப்பு வைத்த கிளைக்குழாய் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் தண்ணீரை கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழிக்கு விடுங்கள். அடியில் சல்லி, மேலே மணல் போட்டு நிரப்பிய குழி போதும். கல் தட்டுப்படும் வரை வெட்டவே வேண்டாம். அடியில் கொஞ்சமாவது செம்மண் இருக்கட்டும். மண் மெல்லிய இடம் என்றால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம். நுளம்பு வராமல் இருக்க, தண்ணீர் இரண்டு நாளுக்குள் இறங்கவேண்டும். சேமிப்புத் தொட்டி வைத்தால் மூடி வைப்பது கட்டாயம். மாரி முடியும்போது டெங்கு வருவது உங்களுக்குத் தெரியாததல்ல.

முற்றத்தில் விழும் மழை வேறு கதை. அதில் வாகன எண்ணெய், நாய்ப் பீ, சவர்க்காரம் எல்லாம் இருக்கும். அதைக் குழிக்குள் விடக்கூடாது. பரந்த பள்ளம் ஒன்றில் நிறுத்துங்கள். ஒரு சாண் ஆழம் போதும். அங்கே வாழையோ கமுகோ வெட்டிவேரோ நிற்கட்டும். எண்ணெய் என்றதும் சுன்னாகம் நினைவுக்கு வரும். அங்கே கிணறுகளில் மின்நிலையக் கழிவெண்ணெய் கலந்ததற்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பெரிய அளவு. ஆனால் ஜெனரேற்றர் எண்ணெய் மாற்றி வேலிக்கரையில் ஊற்றுவதும் போய்ச் சேருவது அதே கல்லுக்குள்தான்.

இன்ரர்லொக் கல் மணலின் மேல் பதித்தால் இடைவெளியால் தண்ணீர் இறங்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நான் பார்த்த பல வேலைகளில் அடியில் சீமெந்துக் கலவை, மேலே இடைவெளிக்கும் சீமெந்து. அப்படியானால் அது தரை போட்ட மாதிரிதான், மழை முழுவதும் பக்கத்து வீட்டுக்கு ஓடும். வளவை ஒழுங்கையைவிட உயர்த்தி மண் நிரப்பியும் விட்டால் அயலோடு சண்டை நிச்சயம். என் யோசனை: வாகனம் வரும் தடத்துக்கு மட்டும் சக்கரம் போகிற இரண்டு பட்டி, வாசலில் ஒரு சின்னத் தளம். மற்றதை மண்ணாக விடுங்கள். கல் பதிப்பவரிடம் "அடியில் கொங்கிரீற் வேண்டாம்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முற்றத்துக்கு வெள்ளை மணல் பரப்புவது எங்கள் வழக்கம், அழகும்கூட. ஆனால் அந்த மணல் வடமராட்சிக் கிழக்கு மணல்மேடுகளிலிருந்து வந்தால், அங்குள்ள நன்னீரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மேடுதான். ஒரு வளவை அழகாக்க இன்னொரு ஊரின் தண்ணீரை எடுப்பதில் எனக்கு மனமில்லை.

புல்தரை பற்றி நீட்டாமல் சொல்கிறேன். கோடையில் 100 சதுர மீற்றர் புல்லுக்கு நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் விட்டால் 500 லீற்றர். அதைக் கிணற்றிலிருந்து இறைக்கிறீர்கள். பச்சையாக இருக்க யூரியாவும் போடுவீர்கள். தானாக வரும் அறுகைச் செதுக்கி வைத்தால் போதும், மாரியில் பச்சை, கோடையில் வாடிக் கிடந்து திரும்பத் தளிர்க்கும். மரநிழலில் சருகு கிடக்கட்டும். தினமும் கூட்டிக் கொளுத்துவதை மட்டும் நிறுத்துங்கள்.

யூரியா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கோண்டாவில், சுன்னாகம், கோப்பாய் என்று தோட்டம் செறிந்த இடங்களில் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக்கிடப்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். குடிநீருக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முக்கியமாகப் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம்பாய்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும்.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியா பயிருக்குப் போகாமல் முழுவதும் கழுவிப் போகிறது என்று வையுங்கள். அது இரண்டு கிலோ அளவு நைத்திரேற்று. 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவர 40,000 லீற்றர் சுத்தத் தண்ணீர் வேண்டும். முழுவதும் போகாதுதான், பயிர் எடுக்கும், கொஞ்சம் காற்றிலும் போகும். ஆனால் ஐப்பசி மழைக்கு முதல் நாள் வீசினால் எவ்வளவு நிற்கும்? எரு போட்டால் கவலையில்லை என்பதும் சரியில்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது (அந்த வருடமே அது நீக்கப்பட்டது), "இனி மாட்டெருவும் கோழியெருவும்தான்" என்று கிணற்றடியில் கும்பி குவித்தவர்களைக் கண்டேன். கோழியெருவிலும் இருப்பது அதே நைதரசன். மழையில் நனையாத இடத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, மூடிவையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பயிர் வளரும் காலத்தில் போடுங்கள்.

நான் அதிகம் நம்புவது குழை தாழ்ப்பதை, அதாவது இலைக்கொப்புகளை மண்ணுக்குள் புதைப்பதைத்தான். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் பூவரசு, சீமைக்கிளுவைக் குழையையும் பனையோலையையும் பாத்திக்குள் தாழ்த்துவது நெடுங்காலப் பழக்கம். இலை மெல்ல மக்கும், நைதரசன் மெல்ல வெளிவரும், மண்ணில் உக்கல் கூடும், ஈரம் நிற்கும். உங்கள் வளவில் எல்லாப் பக்கமும் மதில் கட்டாமல் ஒரு பக்கமாவது கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை கலந்து உயிர்வேலி போட்டால் குழை வீட்டிலேயே கிடைக்கும். வேர் மண்ணையும் பிடிக்கும். கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று வையுங்கள், அது பற்றி என்னிடம் யாரும் வாதாட வரவேண்டாம்.

வேலைக்காரரிடம் ஒன்று சொல்லவேண்டும். அத்திவாரம் வெட்டிய மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்தால் அதையே திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். சீமெந்துக் கழுவலும் சுண்ணாம்பும் விழுந்த இடத்தில் மண் காரமாகிவிடும், எக்சோரா போன்றவை இலை மஞ்சளாகும். சத்துக் குறைவு என்று மேலும் பசளை போடுவார்கள். அதற்கு இரும்புதான் கிடைக்காமல் போயிருக்கும். சுவரோரம் கிடக்கும் சீமெந்துக் கட்டியைப் பொறுக்கி அள்ளிவிட்டு, காரமண்ணுக்குப் பழகிய செடிகளை வையுங்கள். புல்லுக்கு மருந்து அடிப்பது கிணற்றடியில் கூடவே கூடாது. கிளைபோசேற் என்ற களைகொல்லியை 2015இல் தடை செய்து பிறகு தளர்த்தியதால் கடையில் கிடைக்கும் என்பதற்காக வாங்கவேண்டியதில்லை. மண்வெட்டி இருக்கிறது.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் எல்லாவற்றிலும் பெரியது: மலக்குழி. அடி கட்டாத குழி என்றால் நான் மேலே சொன்ன எல்லாம் பாதி வீண். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்பது ஊரில் மேசன்மார் சொல்லும் கணக்கு. மணல் பூமியில் அது ஓரளவு உதவும், பொந்துள்ள கல்லில் அந்த அடி அளவை நம்பியிருக்க முடியாது. நாலு பரப்பில் கிணற்றை உங்கள் குழியிலிருந்து தள்ளி வைத்தாலும் அயல்வீட்டுக் குழிக்குக் கிட்டப் போய்விடலாம். அடியும் பக்கமும் சீமெந்து கட்டிய தொட்டி, நிரம்பினால் பவுசர் வந்து எடுக்கும்படி வழி, அதன் வடிநீர் பயிர் நிற்கும் மண்ணின் மேற்பகுதியில் பரவும்படி. இதைக் கட்டி முடித்த பிறகு மாற்றுவது பெரிய செலவு, ஆகவே முற்றத்துக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். கிணற்றுக்கட்டைச் சுற்றி வெளிச்சரிவாகத் தளம் போட்டு, குளித்த தண்ணீரை வாய்க்காலால் வாழைக்குப் போகவிடுங்கள்.

சரி, எப்போது தொடங்குவது? குழி, பள்ளம், கிணற்றடி வேலைகளை ஆவணிக்குள் முடித்தால் அந்த மாரியிலேயே தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துத் திருத்தலாம். மரக்கன்று, வேலிக்கதியால் வைப்பது ஐப்பசி மழையோடு. கல் பதிப்பதை மாரி கழிந்த பிறகு வையுங்கள், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். குடியேற முன் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுக்கும் மலக்கிருமிக்கும் சோதித்து, அடுத்த மாரி முடியும்போது மறுபடி சோதித்தால் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.