வெளிநாட்டுப் போரில் இறந்த வட ஆற்காட்டு வீரரை எங்கே தேடுவது?

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் இளம் வயதிலேயே உயிரிழந்த தன் தாத்தாவின் தம்பிக்குக் கல்லறையே இல்லையே, அவரை எங்கே நினைவுகூர்வது என்று கம்மவான்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்றைய பிரிட்டிஷ் இந்தியப் படையில், வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருக்கவில்லை; இந்து வீரர்கள் பெரும்பாலும் அங்கேயே தகனம் செய்யப்பட்டதால், தனிக் கல்லறைக்குப் பதிலாக நினைவுச் சின்னங்களில் அவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. யாங்கூனுக்கு வடக்கே தௌக்யனில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவற்றைத் தேடலாம். ஆனால் நம் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். ஆகவே எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடி, தந்தையின் பெயரையும் ஊரையும் கொண்டு உறுதி செய்யுங்கள். இன்றைய வேலூர் மாவட்டப் பகுதி அப்போது வட ஆற்காடு மாவட்டம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்கிறது. கடைவீதிக் கூட்டத்தில் அதை நின்று படிப்பவர் அரிது.

இறந்த திதி தெரியவில்லை என்றால், மகாளய அமாவாசையன்று தர்ப்பணம் கொடுப்பது வழக்கம்.