வானொலி வேலைக்கு ஆட்டோமேஷன் பழகுவது: சுங்கை சிப்புட் பிள்ளைகளின் கேள்விகள்

கேள்வி (எஸ்.பி.எம். முடித்த தங்கை): அண்ணே, வேலை விளம்பரத்தில் 'ஆட்டோமேஷன் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்' என்று இருக்கிறது. எதைப் படிப்பது?

பதில்: பாட்டு, விளம்பரம் எல்லாவற்றையும் வரிசைப்படி தானாக ஓட்டும் வானொலி மென்பொருள்தான் அது. ஒரு நிலையத்தில் ஸெட்டா என்ற மென்பொருள் இருக்கும், இன்னொன்றில் எம்ஏர்லிஸ்ட். பெயரைத் துரத்தாதே. வீட்டில் ரேடியோடிஜே போட்டுப் பழகு; இலவசம், விண்டோஸில் ஓடும். முதலில், பாட்டு விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் ஒன்றை நிறுவச் சொல்லும். அங்கேதான் பலர் கைகழுவிவிடுகிறார்கள். லினக்ஸ் தெரிந்தால் ரிவெண்டெலும் உண்டு.

கேள்வி (தோட்டத்து லோரி ஓட்டும் தம்பி): பாட்டு தானாகவே ஓடினால் அறிவிப்பாளருக்கு என்ன வேலை?

பதில்: நல்லாக் கேட்டாய். பாட்டு எங்கே தொடங்குகிறது, பாடுபவர் குரல் எப்போது வருகிறது, அடுத்த பாட்டு எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது குறி வைத்தாக வேண்டும். குரல் வருவதற்கு முன் 14 விநாடி இசை என்றால், நீ 13இல் பேசி முடிக்க வேண்டும். திரையில் விநாடி இறங்கிக்கொண்டே வரும்.

அப்புறம் நேரக் கணக்கு. 10 மணிச் செய்தி காத்திருக்காது. கடைசிப் பாட்டு 9:58:50க்கே முடிந்துவிடும் என்று வை. 3 நிமிட வாத்திய இசை ஒன்றை 9:57க்கே இன்னொரு பிளேயரில் ஓட்டி, ஒலியை அடியோடு இறக்கி வை. பாட்டு முடிந்ததும் ஒலியை ஏற்றி, அதன் மேல் பேசு. இசை சரியாக 10க்கு முடியும். இதை வீட்டிலேயே பழகலாம், மைக் கூடத் தேவையில்லை.

கேள்வி: தோட்டத்து லயத்தில் இணைய லைன் சரியில்லை, பரவாயில்லையா?

பதில்: மென்பொருளை ஒருதரம் பதிவிறக்கினால் போதும். பாட்டெல்லாம் கணினியிலேயே இருக்கும்.

கேள்வி (வேலை மாற நினைக்கும் அக்கா): விண்ணப்பத்தில் என்ன எழுதட்டும், தம்பி?

பதில்: 'ரேடியோடிஜேயில் பழகியிருக்கிறேன்' என்றே எழுதுங்கள், அக்கா. ஸெட்டா தெரியும் என்று புளுகினால், திரை முன் உட்கார வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். பேச்சை முன்கூட்டியே பதிந்து பாட்டுகளுக்கிடையே செருகும் வாய்ஸ் டிராக் மாதிரி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தீபாவளி விடியலில் ஸ்டூடியோவில் ஆளில்லாமலேயே நிகழ்ச்சி ஓட அதுதான் கைகொடுக்கும். அதில் 'வெளியே நல்ல மழை' என்று மட்டும் பேசாதீர்கள். ஒலிபரப்பாகும் நேரத்தில் வெயில் சுட்டெரிக்கும்.