செலவைக் கேளுங்கள்: கேரள எல்லையோர வாசகர்களின் கடிதங்கள்

இந்த இதழுக்குக் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லையோரக் குடும்பங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இரண்டு மாநிலத்துப் பேருந்து, இரண்டு மாநிலத்து விலை, இரண்டு மாநிலத்துப் பள்ளி விடுமுறை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எது எங்கே எப்போது மலிவு என்று தெரிந்தால் போதும்; வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை.

வாசகி, செங்கோட்டை: நாங்கள் நான்கு பேர். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. ஆலப்புழையில் படகு வீட்டில் ஒருநாள் தங்கணும்னு பிள்ளைகளுக்கு ஆசை. வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் மூன்று நாள் போய்வர முடியுமா?

முடியும். ஆனால் படகு வீட்டில் இரவு தங்குவதை விட்டுவிட வேண்டும். அதனால் பெரிய இழப்பில்லை. மாலையானதும் படகு வீட்டைக் கரையில் கட்டிவிடுவார்கள். ராத்திரி முழுக்க நின்ற படகில் தூங்குவதற்குத்தான் அத்தனை பணம். பிள்ளைகளுக்கு வேண்டியது தண்ணீரில் போவது. அதற்கு அரசுப் படகு இருக்கிறது.

தூத்துக்குடி - பாலக்காடு பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் செங்கோட்டையைக் கடந்து காலையில் கோட்டயம் போய்ச் சேரும். ஒரு ராத்திரி அறை வாடகை அதிலேயே மிச்சம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை மனதில் வைத்திருக்காதீர்கள். இரவு 12 மணிக்கு மேல் ஏறுவதால் தேதி மாறிவிடும். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குச் செங்கோட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தேதியில் டிக்கெட் வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

5 வயது முடிந்து 12 வயது ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். உங்கள் மகளுக்கு மட்டும் பாதி டிக்கெட் எடுத்து அம்மாவோடு படுக்க வைக்கலாம். 11 வயதுப் பையனுக்குப் படுக்கை எடுத்துவிடுங்கள். அதிலும் மிச்சம் பிடித்தால் இரண்டு பெரியவர்களும் தூங்க முடியாது. மறுநாள் அலுப்பில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அதைவிட அதிகமாகும்.

கோட்டயத்தில் கோடிமதை படகுத்துறைக்குப் போங்கள். அங்கிருந்து கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழைக்குப் போகிறது. வேம்பநாட்டுக் காயல், வயலைவிட உயரமாக நிற்கும் வரப்புகள், வாத்துக் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான் கட்டணம். நாளுக்குச் சில நடைகள் மட்டுமே ஓடுவதால் முந்தின நாளே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியிலுள்ள தூக்குப்பாலம் பழுதானாலோ பாசி அடைத்தாலோ படகு கோடிமதைக்கு வராமல் காஞ்ஞிரம் என்ற துறையிலிருந்து கிளம்பும். அதையும் சேர்த்தே கேளுங்கள். ரயிலைவிட்டு இறங்கியபின் தெரிந்தால் ஆட்டோச் செலவு கூடும்.

ஆலப்புழையில் படகுத்துறையும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அறையை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். கடற்கரைப் பக்கம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ. கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்களை இப்போது பொதுமக்களும் இணையத்தில் பதிவு செய்யலாம். முதலில் அதில் பாருங்கள். இரண்டாம் நாள் நெடுமுடிக்கோ காவாலத்துக்கோ அதே அரசுப் படகில் போய் வரப்பில் நடந்துவிட்டுத் திரும்பலாம். சின்ன வாய்க்காலுக்குள் போக ஆசையிருந்தால் ஒரு மணி நேரம் மட்டும் ஷிகாரா என்னும் கூரை போட்ட சின்னப் படகை எடுங்கள். ‘எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு, ஆள் கணக்கா படகுக் கணக்கா’ என்ற மூன்றையும் ஏறுமுன் பேசிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று கவனியுங்கள். மதிய ‘ஊண்’ விலையில் சோறும் கறிகளும் அடக்கம். பொரித்த மீன் தனிக் கணக்கு. விலை கேட்காமல் நான்கு துண்டு வாங்கினால் சாப்பாட்டைவிட மீன் மிஞ்சிவிடும். மேசையில் வைக்கும் சிவப்பு வெந்நீர் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தது. நல்ல தண்ணீர்தான். பாட்டில் வாங்க வேண்டாம். அதையே கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

பணத்தை இப்படி ஒதுக்குங்கள்: ரயில், பேருந்து, படகு 2,000, இரண்டு இரவு அறை 3,000, சாப்பாடு 3,500, ஷிகாரா 1,000, கைச்செலவு 500. திரும்பும்போது கொல்லம் வந்து, பகலில் மலையேறும் குருவாயூர் - மதுரை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். தென்மலைப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தை வெளிச்சத்தில் பார்க்கலாம். பாலருவியில் திரும்பினால் அந்த இடம் இருட்டில் போய்விடும்.

எப்போது போவது என்பதும் பணம்தான். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை ஐயப்பன் சீசன். புனலூர், கோட்டயம் வழியெங்கும் ரயிலில் இடமிருக்காது. நேரு கோப்பை வள்ளப் போட்டி நடக்கும் வார இறுதியில் ஆலப்புழை அறை விலையைக் கேட்கவே வேண்டாம். நமக்குக் காலாண்டு விடுமுறை விடும் செப்டம்பர் கடைசியில் அங்கே ஓண விடுமுறை பெரும்பாலும் முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும். சரஸ்வதி பூஜை நாட்களை மட்டும் தள்ளிவிட்டு, அந்த வாரத்தின் நடுநாட்களில் போங்கள்.

வாசகர், புளியரை: சொந்தக் கார் இல்லை. தெரிந்தவர் காரை வாடகை பேசி மூணாறு போகலாமா? டாக்ஸியைவிடக் குறைவாகச் சொல்கிறார்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். மிச்சமாகும் இரண்டாயிரத்துக்காகக் குடும்பத்தையே அதில் ஏற்றாதீர்கள். மஞ்சள் போர்டு வண்டி பேசும்போது கேரள பெர்மிட், டிரைவர் படி, டோல் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள். கிலோமீட்டர் விலை குறைவாகத் தெரியும் வண்டி இந்த மூன்றிலும்தான் ஏறும். பெட்ரோல் கேரளாவில் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். வரையாட்டைப் பார்க்கப் போவதென்றால் பிப்ரவரி, மார்ச் வேண்டாம்; ஆடுகள் குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள்.

வாசகி, மார்த்தாண்டம்: எங்க வீட்டில் மட்டை அரிசிச் சோறுதான். வேக முக்கால் மணி நேரம் ஆகிறது. கேஸ் சிலிண்டர் ஒரு மாதம்கூட வருவதில்லை. குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது.

உங்களுக்குத் தேவை தெர்மல் ரைஸ் குக்கர். சூட்டை வெளியே விடாத பெட்டியும் உள்ளே வைக்கும் எவர்சில்வர் பாத்திரமும்தான். மின்சாரம் வேண்டாம்.

அரிசியைக் கழுவி அரைமணி நேரம் ஊற வையுங்கள். அதற்கு மேல் ஊறினால் வெடித்துக் குழையும். உள்பாத்திரத்தில் ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர் கொதிக்க வைத்து அரிசியைப் போடுங்கள். மறுபடி தளதளவென்று கொதி வந்தபின் மூடி வைத்துப் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். பிறகு கொதி அடங்குமுன் அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி இறுக மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் இருபது நிமிடம். பிறகு கஞ்சியை வடித்துவிடுங்கள்.

‘சோறு வேகவில்லை’ என்று பெட்டியைப் பரணில் போட்டவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் அளவு. ஒரு கிலோ பெட்டியில் கால் கிலோ அரிசி போட்டால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம், சூடு நிற்காது. உங்கள் ஒருவேளைச் சமையல் அளவுக்கு ஏற்ற பெட்டியை வாங்குங்கள், விருந்தாளிக் கணக்கில் வாங்காதீர்கள். இரண்டாவது காரணம், வெந்ததா என்று இடையிடையே திறந்து பார்ப்பது. இரவு வைத்துக் காலையில் எடுப்பதும் கூடாது. வெதுவெதுப்பில் கிடந்தால் சோறு கெட்டுவிடும்.

பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 200 கிராம் எரிவாயு குடிக்கும். தினம் 25 நிமிடம் குறைந்தால் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல். ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒரு சிலிண்டர்.

வாசகர், சித்தூர் (பாலக்காடு): என் வீடு கேரளத்தில், அண்ணன் வீடு பொள்ளாச்சியில். இருவருக்கும் மின்கட்டணம் திடீரென்று எகிறுகிறது. ஏன்?

இரு மாநிலத்திலும் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரு பக்கமும் 500 யூனிட்தான் கண்டம். உங்கள் பக்கம் மாதம் 250, அதாவது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்வரை படிப்படியான விலை. அதைத் தாண்டினால் படிகள் போய், முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. அண்ணன் பக்கம் 100 யூனிட் இலவசம் தொடரும். ஆனால் 500-ஐத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது.

ஆகவே குறி 500. கணக்கெடுத்த நாளில் மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். 45-ஆம் நாள் மறுபடி பாருங்கள். 375-க்கு மேல் போயிருந்தால் கடைசிப் பதினைந்து நாளில் ஏசி, ஹீட்டரைச் சுருக்க வேண்டும். நிரந்தர வழி மின்விசிறியில் இருக்கிறது. பழைய விசிறி 75 வாட். பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். எப்போதாவது ஓடும் விருந்தறை விசிறியை மாற்றிப் பயனில்லை; படுக்கையறையில் தொடங்குங்கள். 2,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் எடுக்கும். ஒருவர் குளித்ததும் அடுத்தவர் குளித்துவிட்டால், ஆறிய தண்ணீரைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

வாசகி, களியக்காவிளை: பிள்ளைகளின் விடுமுறைப் பயணத்துக்காக ஒரு லட்சம் ரூபாய்ச் சிட்டியில் (ஏலச் சீட்டில்) சேரச் சொல்கிறார்கள். முதல் மாதமே எடுத்து டூர் போய்விட்டு மெதுவாகக் கட்டலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

வேண்டாம் என்று அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். 20 பேர், மாதம் 5,000, 20 மாதம். முதல் ஏலத்தில் 25,000 தள்ளி எடுத்தால் கையில் வருவது 75,000. தள்ளிய பணத்தில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000, ஆளுக்கு ஆயிரமாகக் கழியும். பின்னால் தள்ளு குறையக் குறையக் கழிவும் குறையும். சராசரியாக மாதம் 4,500 கட்டுகிறீர்கள் என்று வைத்தால் மொத்தம் 90,000. 75,000 வாங்கி இப்படிக் கட்டுவது மாதம் இரண்டு வட்டிக்குச் சமம். வங்கி நகைக் கடனே இதைவிட மலிவு.

கடைசி மாதம் எடுப்பவருக்கு 90,000 கட்டி 95,000. வருடத்துக்கு ஏழு சதவீதம் அளவில் நிற்கும். வங்கியின் தொடர் வைப்புக் கணக்கு தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். சுற்றுலா போன்ற, தேதி தெரிந்த செலவுக்கு வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு போதும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து வருடக் கணக்கு. அடுத்த வருடப் பயணத்துக்கு உதவாது.

சிட்டிதான் கட்டுப்பாட்டோடு சேமிக்க வைக்கிறது என்றால், 1969-இல் கேரள அரசு தொடங்கிய சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. போன்ற பதிவு பெற்ற இடத்தில் சேர்ந்து, கடைசிவரை எடுக்காமல் இருங்கள். நடுவில் எடுத்தால் ஜாமீன் கேட்பார்கள். அதற்கான ஆளையோ பத்திரத்தையோ முன்பே தயார் செய்ய வேண்டும். பதிவு எண் காட்டாத தெருச் சீட்டில் ஜாமீன் கேட்கமாட்டார்கள். எடுத்தவர் கட்டாமல் போனால் மற்றவர்கள் பணத்துக்கும் உத்தரவாதமில்லை.

வாசகர், கோபாலபுரம்: வீட்டில் பத்துத் தென்னை. எண்ணெய் கடையில் வாங்குகிறோம். ஆட்டிக்கொண்டால் லாபமா?

ஏழு காய்க்கு ஒரு கிலோ கொப்பரை, ஒன்றரைக் கிலோ கொப்பரைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று வையுங்கள். அதாவது லிட்டருக்குப் பத்துப் பதினோரு காய். அன்றைய காய் விலையைப் பதினொன்றால் பெருக்கி ஆட்டுக்கூலியைச் சேர்த்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். பிண்ணாக்கை எடுத்துக்கொண்டு கூலியைத் தள்ளுபடி செய்யும் செக்காலைகள் உண்டு. மாடு வைத்திருந்தால் அப்படிக் கொடுக்காதீர்கள்.

கெட்டுப்போவது காய்ச்சலில்தான். முற்றிய காயை உடைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பருப்பு சிரட்டையை விட்டுக் கழலும். பிறகும் நான்கைந்து நாள் காய வேண்டும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. ஈரம் நின்ற கொப்பரையில் பூசணம் பிடிக்கும், எண்ணெய் சீக்கிரம் காறும். ஆட்டிய எண்ணெயை மூன்று நாள் அசையாமல் வைத்து, அடியில் மண்டி இறங்கியதும் மேலே உள்ளதை மட்டும் ஈரமில்லாத பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில் இதற்கு இறங்க வேண்டாம். மாசியிலிருந்து சித்திரைக்குள் வருடத்துக்கு வேண்டியதில் பாதியை ஆட்டுங்கள். முழுவதையும் ஒரேயடியாக ஆட்டினால் கடைசி டின் காறிப்போகும்.