எட்டாயிரம் ரூபாய் அறையும் ஈரச் சேலையும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அம்மாவுக்கு 66. இருவரையும் ராமேஸ்வரம் அழைத்துப் போகிறேன், இரண்டு இரவு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர்களைப் பெரிய ஹோட்டலில் தங்க வைக்க ஆசை. ஊருக்கு வெளியே ஒன்று பார்த்தேன், நாளைக்கு 8,000 ரூபாய். அம்மாவோ, "தூங்குறதுக்கு எதுக்குடி எட்டாயிரம்? கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜ் போதும்" என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதல் நாள் அம்மா பேச்சைக் கேளுங்கள். மறுநாள் உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ராமநாதபுரத்துக்காரி. உறவுக்காரர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. தீர்த்தமாடும் நாளில் அறையில் இருக்கவே மாட்டீர்கள். ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நாலு மணிக்கே எழ வேண்டும். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய் 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சாதாரண அறை இருந்தால் அதுதான் சொர்க்கம். ஊருக்கு வெளியே தங்கினால், ஈரத் துணி மூட்டையோடு ஆட்டோ தேடி நிற்பீர்கள். அறை வாடகையோடு சேர்த்துக் கொடுக்கும் காலை டிபனும், நாலு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு எந்த நேரத்தில் கிடைக்கும்?

நானும் ஒரு தடவை அம்மாவைக் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் தங்க வைத்தேன். தீர்த்தமாடி வந்தவர், பால்கனிக் கம்பியில் ஈரச் சேலையை விரித்தார். ஐந்து நிமிஷத்தில் இன்டர்காம் அடித்தது: "மேடம், பால்கனியில துணி போடக் கூடாது." குளியலறைக் கண்ணாடிக் கதவின் மேல் போட்டோம். ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீர் சொட்டியது, காலையில் தரையெல்லாம் மணல். "இவ்வளவு காத்தடிக்குது, ஒரு சேலை காயப்போட எடமில்ல" என்று அம்மா ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். லாட்ஜாக இருந்திருந்தால் மொட்டை மாடிக் கொடியில் அரை மணியில் காய்ந்திருக்கும்.

அதற்காக உங்கள் ஆசை தப்பில்லை. அப்பாவின் முழங்காலை நினையுங்கள். லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை, பக்கத்தில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை, கரண்ட் போனாலும் நிற்காத ஏசி. இதற்கெல்லாம் காசு கொடுக்கலாம். கோயில் பக்கத்து லாட்ஜ்களில் இது எல்லாம் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால் முதல் நாள் அறைக்குத் தரைத்தளமா, என்ன கழிப்பறை என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நீச்சல் குளத்துக்கும் சேர்த்துத்தான் 8,000 வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் அம்மா அதில் இறங்கப் போவதில்லை.

பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. இப்போதைய ஜிஎஸ்டியில் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. உங்கள் 8,000 ரூபாய் அறை வரியோடு 9,440 ஆகிவிடும். பேசி 7,500-க்குக் கொண்டுவந்தால் 7,875-தான். ஐந்நூறு குறைத்தால் 1,565 ரூபாய் மிச்சம், பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள். அப்படிப்பட்ட ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம் வரலாம், மெனு கார்டில் பார்க்கும் விலையை நம்பி ஆர்டர் பண்ணாதீர்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை.

இரண்டாம் நாள் காலையிலேயே தனுஷ்கோடி பார்த்துவிடுங்கள். சாயங்காலம் போனால் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். மதியம் பெரிய ஹோட்டலுக்கு வந்து, அப்பா காலை நீட்டிப் படுக்கட்டும். செக்-இன் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேளுங்கள், பல இடங்களில் இரண்டு மணிக்கு முன்னால் சாவி தர மாட்டார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு லாட்ஜ்காரரே பெரிய ஹோட்டல் ரேட் சொல்லுவார்.

பையில் ஒரு நைலான் கயிறு வையுங்கள். குளியலறைக்குள்ளேயே கட்டிக்கொண்டால் யாரும் போன் பண்ண மாட்டார்கள்.