ஆரம்ப காலத் தமிழ் சினிமாப் பாடலாசிரியர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

பாபநாசம் சிவன். காரணத்தை எங்கள் வீட்டுத் தறியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் 'ஹரிதாஸ்' பார்த்தவர். சங்கீதமெல்லாம் படித்ததில்லை. ஆனால் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால், அந்தப் படத்தில் நடித்துப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டுதான். "மன்மத லீலையை வென்றார் உண்டோ" என்று எடுத்து, அந்த 'டோ'வில் நின்றுவிடுவார். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று நான்கு முறை போய் வந்துவிடும், அவர் குரல் இறங்காது. பக்கத்தில் நாடாவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கும் என்னிடம், "இங்க மூச்சு வாங்கக் கூடாதுடா கண்ணு" என்பார்.

பிற்பாடு சிவன் எழுதிய மற்ற பாட்டுகளையும் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'அசோக்குமார்' (1941) படத்தில் "உன்னைக் கண்டு மயங்காத பேர்களுண்டோ". 'சிவகவி'யில் (1943) "வதனமே சந்திர பிம்பமோ". 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸி'ல் "வென்றார் உண்டோ". மூன்றும் கேள்வி, மூன்றும் 'ஓ'வில் முடிகின்றன. பாகவதரின் உச்சக் குரல் தங்கி உலாவ அதைவிட நல்ல இடம் எது? வெறும் எழுத்தாளராக இருந்தால் இது தோன்றியிருக்காது. சிவன் மெட்டும் சொல்லும் சேர்ந்தே பிறக்கும்படி பாடிப் பாடி எழுதியவர்.

1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தார், இயற்பெயர் ராமையா. திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதம் படித்தார். அப்புறம் மயிலாப்பூர் வந்து, மார்கழி விடியலில் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனார். அந்தப் பஜனைதான் அவருக்குச் சினிமாவைக் கற்றுக்கொடுத்தது என்று நான் நம்புகிறேன். கூட வருகிறவர்கள் ஒருமுறை கேட்டவுடன் திருப்பிப் பாட வேண்டும், அதனால் முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும் அல்லவா? 1934இல் 'சீதா கல்யாணம்' படத்தில் சினிமாவுக்குள் வந்தார். குசேலராகவும், 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தார். சமஸ்கிருதச் சொற்கள் அவர் பாட்டில் நிறைய உண்டு, சரிதான். ஆனால் எங்கள் தெருவில் யார் வாயிலும் அவை தடுக்கியதில்லை.

'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டை எழுதியவர் பெயர் மட்டும் என் தாத்தாவுக்கு ரொம்ப நாள் தெரியாது, பாகவதரே கட்டியது என்று நினைத்திருந்தார். கேசட் அட்டையைப் பார்த்து நான் படித்துச் சொன்னேன். தறியை நிறுத்தினார்.

"அந்த 'ஓ' வெச்சவரு இவருதானா?" என்று கேட்டுவிட்டு, பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.